அமெரிக்க காங்கிரஸ் கருக்கலைப்பு உரிமைக்குச் சட்டம் போடும்வரை இரண்டாவது குழந்தையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி:

வணக்கம் மேடம். நாங்கள் டெக்ஸஸில் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். கணவர் ஹெச்-1பி வேலை விசாவில், நான் அவரைச் சார்ந்த ஹெச்-4 விசாவில். போன வருடம் முதல் குழந்தை உண்டானேன். பத்தொன்பதாவது வார ஸ்கேனில் குழந்தைக்கு இரண்டு சிறுநீரகமும் உருவாகவில்லை, பனிக்குடத்தில் நீரே இல்லை, நுரையீரல் வளராது, பிறந்தாலும் பிழைக்காது என்றார்கள். அடுத்து என்ன செய்வது என்று கேட்டதற்கு டாக்டர் வாயே திறக்கவில்லை. "வேறு மாநிலத்தில் இரண்டாவது கருத்துக் கேட்டுப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். விமானத்தில் நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி போய், எங்கள் கைக்காசில் கருவைக் கலைத்துக்கொண்டு வந்தோம்.

இப்போது இன்னொரு குழந்தைக்கு மனது தயாராகிறது, ஆனால் பயமாக இருக்கிறது. கோயிலில் பார்க்கும் தோழி, "காங்கிரஸில், அதாவது இந்த ஊர் பாராளுமன்றத்தில், நாடு முழுதுக்கும் கருக்கலைப்பு உரிமைச் சட்டம் கொண்டுவரப் போகிறார்கள், கொஞ்சம் பொறு" என்கிறாள். இன்னொருவர், "அது மாநிலத்தின் விஷயம், ஜனநாயகம் என்றால் அதுதான்" என்கிறார். என் கணவர் கேட்பது வேறு: "நம் ஊரில் 1971லேயே பாராளுமன்றம் ஒரே சட்டம் போட்டுவிட்டது. இவ்வளவு பெரிய நாட்டில் ஏன் முடியவில்லை?" மாமியார் பிரசவத்துக்கு ஊருக்கே வந்துவிடு என்கிறார். நாங்கள் காத்திருக்கலாமா? மாநிலம் மாற வேண்டுமா? நியூ மெக்ஸிகோ போய்வந்தது கிரீன் கார்டுக்குக் குறுக்கே வருமா?

— பெயர் வேண்டாம், டெக்ஸஸ்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம். உங்கள் குழந்தைக்கு நேர்ந்தது யாருடைய தவறும் இல்லை. அதற்குப் பிறகு ஊர்விட்டு ஊர் போய், தெரியாத இடத்தில் தனியாக அதைக் கடக்க வேண்டியிருந்தது மட்டும் சட்டத்தால் வந்தது. நான் சுகாதாரச் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர் என்பதால் அந்தப் பகுதிக்குத்தான் பதில் சொல்ல முடியும்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: ஃபெடரல் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் உங்கள் வயதையும் உடம்பையும் வாஷிங்டன் கணக்கில் கட்டிப்போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிரீன் கார்டு பயத்தை உடனே போக்கிவிடலாம். நீங்கள் செய்தது நியூ மெக்ஸிகோவில் சட்டப்படி நடந்த மருத்துவச் சிகிச்சை. டெக்ஸஸின் தடைச் சட்டமும் கர்ப்பிணியைத் தண்டிப்பதில்லை, அதன் தண்டனை மருத்துவரைத்தான் குறிவைக்கிறது. கிரீன் கார்டு விண்ணப்பத்தில் கைது, வழக்கு, குற்றத் தண்டனை பற்றிக் கேட்பார்கள். உங்களுக்கு அவற்றில் எதுவும் இல்லை. அழைத்துப் போனதற்காகக் கணவர் மீது வழக்கு வருமோ என்ற பயமும் வேண்டாம். லபக் கவுண்டி போல டெக்ஸஸின் சில கவுண்டிகளில், தங்கள் சாலை வழியாகக் கருக்கலைப்புக்கு அழைத்துச் செல்பவர் மீது தனியார் யாரும் வழக்குப் போடலாம் என்று 2023இல் விதி கொண்டுவந்தார்கள். அதே மாதிரி விதியை அமரில்லோ நகர வாக்காளர்கள் 2024 நவம்பரில் தோற்கடித்தார்கள். விமானத்தில் போய்வந்த உங்களை இது தொடாது. ஒன்று மட்டும்: விசாவில் இருப்பவர்கள் எந்தப் பயணத்திலும் நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94 உள்ளிட்ட காகிதங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். எல் பாசோ, லாஸ் குரூசஸ் பக்கம் காரில் போனால் உள்நாட்டிலேயே எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் உண்டு.

இனி உங்கள் கணவரின் கேள்வி. வெகுநாள் இங்கே இருப்பவர்களும் இதில் குழம்புவார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தியாவில் கருக்கலைப்பு குற்றம் என்று சொன்னது தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 88ஆம் பிரிவு. குற்றவியல் சட்டம் நம் அரசியலமைப்பில் பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதனால் எந்த நிலையில் அது குற்றம் ஆகாது என்று 1971இல் பாராளுமன்றமே விதிவிலக்கு எழுத முடிந்தது, அதை 2021இல் விரிவாக்கவும் முடிந்தது. பட்டியலில் இல்லாத அதிகாரமும் தில்லிக்கே போகும். அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அரசியலமைப்பு பெயர் சொல்லிக் கொடுத்த அதிகாரங்கள் மட்டுமே காங்கிரஸுக்கு, மிச்சமெல்லாம் மாநிலங்களுக்கு என்கிறது பத்தாவது திருத்தம். கொலை, திருட்டு, மருத்துவர் உரிமம் எல்லாமே அடிப்படையில் மாநிலச் சட்டங்கள்தான். ஆகவே இங்கே காங்கிரஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தால் முதலில் எழும் கேள்வி, "இதைச் செய்ய உனக்கு எந்த வரியில் அதிகாரம்?"

1973 முதல் 2022 வரை அந்தக் கேள்விக்கு அவசியமே எழவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ரோ எதிர் வேட் தீர்ப்பு கருக்கலைப்பை அரசியலமைப்பு தரும் உரிமை என்றது. 1992இல் கேசி வழக்கின் தீர்ப்பு அதைச் சற்றுச் சுருக்கினாலும், கருப்பைக்கு வெளியே குழந்தை பிழைக்கும் நிலை வரும் முன் மாநிலம் தடை செய்யக்கூடாது என்ற கோட்டை வைத்திருந்தது. 2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் தீர்ப்பில் அந்தக் கோடு அழிந்தது. மிசிசிப்பியின் 15 வாரத் தடையைப் பற்றிய வழக்கு அது, நீதிபதி அலிட்டோ எழுதிய தீர்ப்பு ரோவையே ரத்து செய்தது. விஷயத்தை மக்களிடமும் அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளிடமும் திருப்பிக் கொடுக்கிறோம் என்றார்கள்.

உங்கள் நண்பர் "மாநிலத்தின் விஷயம்" என்று சொல்வது இதைப் படித்துத்தான். ஆனால் தீர்ப்பு மாநிலங்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பெரும்பான்மையில் இருந்த நீதிபதி கவனாவே தனியாக எழுதிய குறிப்பில், மாநிலங்களிலோ காங்கிரஸிலோ ஜனநாயக வழியில் மக்கள் இதைத் தீர்த்துக்கொள்ளலாம் என்கிறார். ஒரு மாநிலம் தன் குடிமக்கள் வேறு மாநிலம் போவதைத் தடுக்க முடியாது என்பதையும் அதே குறிப்பில் சொல்கிறார். நீங்கள் ஆல்புகர்க்கி போன பயணத்துக்கு அந்த வரிகள் நல்ல துணை.

சரி, காங்கிரஸுக்கு எந்த வரியில் அதிகாரம்? சட்டத்தை விரும்புபவர்கள் காட்டுவது மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை. நோயாளி மாநிலம் தாண்டிப் போகிறார், மருந்து தபாலில் வருகிறது, மருத்துவர், கருவி, காப்பீடு எல்லாமே எல்லை கடக்கின்றன. இது வணிகம் இல்லையென்றால் எது வணிகம் என்று கேட்கிறார்கள். எதிர்ப்பவர்கள் 1995இன் லோபஸ் வழக்கையும் 2000இன் மாரிசன் வழக்கையும் காட்டுகிறார்கள். பள்ளிக்கு அருகே துப்பாக்கி வைத்திருப்பது, பெண்கள் மீதான வன்முறை ஆகிய விஷயங்களில் காங்கிரஸ் இதே வணிக அதிகாரத்தின் பெயரில் எழுதிய விதிகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த வழக்குகள் அவை.

இங்கேதான் நான் எல்லா மேடையிலும் நிறுத்திச் சொல்லும் விஷயம் வருகிறது. இதே வணிக அதிகாரத்தை வைத்து காங்கிரஸ் ஏற்கெனவே ஒரு கருக்கலைப்புச் சட்டம் போட்டிருக்கிறது. ஆனால் அது தடைச் சட்டம். ஒரு குறிப்பிட்ட அறுவை முறையை நாடு முழுதும் தடை செய்த 2003ஆம் ஆண்டுச் சட்டம். 2007இல் உச்ச நீதிமன்றம் அதை ஐந்துக்கு நான்கு என்று ஏற்றுக்கொண்டது. காங்கிரஸுக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற கேள்வி தங்கள் முன் வைக்கப்படவில்லை என்று நீதிபதி தாமஸ் அப்போதே குறித்து வைத்தார். பாதுகாக்கும் சட்டத்துக்கு அதிகாரம் உண்டென்றால் தடுக்கும் சட்டத்துக்கும் உண்டு. டாப்ஸ் வந்து மூன்று மாதம் ஆவதற்குள், 2022 செப்டம்பரில், செனட்டர் லிண்ட்சே கிரஹாம் நாடு முழுதுக்கும் 15 வாரத் தடை மசோதாவைக் கொண்டுவந்தார். "மாநிலமே முடிவு செய்யட்டும்" என்று அதுவரை பேசிய கட்சியில் இருந்துதான் அது வந்தது. ஆக, மாநில உரிமை என்ற வாதம் இரு பக்கமும் தேவைக்கேற்பக் கையில் எடுக்கப்படுகிறது. அதை வைத்து யாரையும் ஜனநாயக விரோதி என்றோ ஜனநாயகக் காவலர் என்றோ முத்திரை குத்த முடியாது.

தோழி சொல்லும் மசோதா, பெண்கள் ஆரோக்கியப் பாதுகாப்புச் சட்டமாக இருக்க வேண்டும். அது புதிதல்ல. செனட்டர் ரிச்சர்ட் புளூமெந்தாலும் பிரதிநிதி ஜூடி சூவும் 2013இல் முதலில் கொண்டுவந்தது. அதற்கும் முன்னால், 1989 முதலே இதே நோக்கில் இன்னொரு மசோதா வந்து வந்து போயிற்று. தான் ஜனாதிபதியானால் முதல் வேலையாக அதில் கையெழுத்திடுவேன் என்று 2007இல் சொன்ன ஒபாமா, 2009இல் அது தன் முதன்மைச் சட்டப் பணி அல்ல என்றார். அப்போதுதான் இரு அவைகளிலும் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும் பலம் இருந்தது. ஆனால் அந்தப் பலம் இந்த விஷயத்தில் உண்மையான பலம் இல்லை. அந்த ஆண்டு நவம்பரில், மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கருக்கலைப்புக்கான செலவைக் கட்டுப்படுத்தும் திருத்தத்துக்கு பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சியினரே 64 பேர் வாக்களித்தார்கள். "அப்போதே செய்திருக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு இந்த எண்ணை நினைவுபடுத்துவேன்.

2021 செப்டம்பரில் டெக்ஸஸின் ஆறு வாரத் தடை அமலுக்கு வந்த அதே மாதம், பிரதிநிதிகள் சபை அந்த மசோதாவை 218க்கு 211 என்று நிறைவேற்றியது. செனட்டில் 2022 பிப்ரவரியில் 46க்கு 48, மே மாதம் 49க்கு 51 என்று விவாதத்துக்கே எடுக்கப்படாமல் நின்றது. அங்கே சாதாரணப் பெரும்பான்மை போதாது. ஃபிலிபஸ்டர் என்ற முட்டுக்கட்டையைத் தாண்ட நூறில் அறுபது வாக்கு வேண்டும். டாப்ஸுக்குப் பிறகு ஜூலையில் சபை மறுபடி 219க்கு 210 என்று நிறைவேற்றியும் செனட்டில் அறுபது கிடைக்கவில்லை. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்தலாம் என்று பைடன் சொல்லிப் பார்த்தார். அவர் கட்சியின் செனட்டர்கள் ஜோ மான்சினும் கிர்ஸ்டன் சினிமாவும் இசையவில்லை.

எண்கள் ஒருபுறம் இருக்கட்டும். மசோதாவின் உள்ளடக்கம் பற்றியும் ஒரு நேர்மையான சண்டை நடந்தது, அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது சரியில்லை. ரோ தீர்ப்பைச் சட்டமாக எழுதுகிறோம் என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். மசோதா அதைவிட அகலமானது. கேசி தீர்ப்பு அனுமதித்திருந்த காத்திருப்புக் காலம் போன்ற பல மாநிலக் கட்டுப்பாடுகளையும் அது நீக்கியிருக்கும். கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் குடியரசுக் கட்சி செனட்டர் சூசன் காலின்ஸ் இதனால்தான் எதிர்த்து வாக்களித்தார். மனசாட்சி காரணமாக மறுக்கும் கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்கும் இதில் பாதுகாப்பு இல்லை என்பது அவர் வாதம். பிறகு 2022 ஆகஸ்டில் செனட்டர்கள் டிம் கெய்ன், காலின்ஸ், மர்கவுஸ்கி, சினிமா நால்வரும் சேர்ந்து, ரோவும் கேசியும் தந்த அளவோடு நிற்கும் ஒரு சமரச மசோதாவை வைத்தார்கள். அதை உரிமை அமைப்புகள் பல போதாது என்றன, எதிர்த் தரப்பு அதுவே அதிகம் என்றது.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், அந்தக் குறுகிய மசோதாவை நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். உங்களைப் போன்ற பெண்ணுக்கு டல்லாஸிலேயே, தன் சொந்த டாக்டரிடமே சிகிச்சை கிடைக்க அது போதுமானது. எல்லாம் கிடைக்கும்வரை எதுவும் வேண்டாம் என்று நிற்கும்போது, அந்த இடைவெளியில் கர்ப்பமாகும் பெண்தான் விலை கொடுக்கிறாள். எதிர்த் தரப்பில் இருப்பவர்களையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். கருவில் இருப்பது முழு உயிர், அதைக் காப்பது அரசின் கடமை என்று மனமார நம்புகிறவர்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. பிழைக்கவே முடியாத குழந்தையைச் சுமக்கும் தாயையும் அதே நம்பிக்கைக்குக் கட்டுப்படச் சொல்லி, மருத்துவருக்கு ஆயுள் தண்டனை காட்டி மிரட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

மிரட்டல் என்பது மிகைச் சொல் அல்ல. 2022 ஆகஸ்ட் 25 முதல் டெக்ஸஸில் நடைமுறையில் இருக்கும் சட்டத்தில் கருக்கலைப்பு செய்த மருத்துவருக்கு ஆயுள்வரை சிறை, குறைந்தது ஒரு லட்சம் டாலர் அபராதம், உரிமம் பறிப்பு. விதிவிலக்கு தாயின் உயிருக்கோ முக்கிய உடல் இயக்கத்துக்கோ கடும் ஆபத்து இருந்தால் மட்டும். பாலியல் வன்கொடுமைக்கு விலக்கு இல்லை, குழந்தை பிழைக்காது என்பதற்கும் இல்லை. உங்கள் டாக்டர் வாயைத் திறக்காததன் காரணம் இதுதான். 2023 டிசம்பரில், உங்கள் டல்லாஸ் பகுதியைச் சேர்ந்த கேட் காக்ஸ், குழந்தைக்கு டிரைசோமி 18 என்ற கடும் மரபணுக் கோளாறு என்று தெரிந்து நீதிமன்றம் போனார். கீழ் நீதிமன்றம் அனுமதித்தது, மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது. தீர்ப்பு வருவதற்குள் அவர் மாநிலத்தைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. பதினெட்டாவது வாரத்தில் பனிக்குடம் உடைந்தும் சிகிச்சை மறுக்கப்பட்டு, ரத்தத்தில் கிருமித் தொற்று ஏறிய பிறகே கவனிக்கப்பட்ட அமாண்டா சுராவ்ஸ்கியும் மற்றவர்களும் தொடுத்த வழக்கும் 2024 மே மாதம் அதே நீதிமன்றத்தில் தோற்றது.

தாய்க்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு என்று காகிதத்தில் இருப்பது போதாது. இந்தியாவில் இருந்து அயர்லாந்து போன பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவாரை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் செய்யலாம் என்று அயர்லாந்து உச்ச நீதிமன்றம் 1992லேயே சொல்லியிருந்தது. ஆனால் எந்தக் கட்டத்தில் ஆபத்து "போதுமான" ஆபத்து ஆகிறது என்று சொல்லும் சட்டம் எழுதப்படவில்லை. 2012 அக்டோபரில், பதினேழு வாரக் கர்ப்பத்தில், சிசுவின் இதயத் துடிப்பு நிற்கக் காத்திருந்த மருத்துவமனையில் அவர் கிருமித் தொற்றால் இறந்தார். 31 வயது. 2018இல் அந்நாட்டு மக்கள் 66.4 சதவீதம் பேர் வாக்களித்து அரசியலமைப்பையே மாற்றினார்கள். டெக்ஸஸ் சட்டசபையும் 2025இல், ஆபத்து உடனடியாக இருக்க வேண்டியதில்லை, மருத்துவர் முன்கூட்டியே செயல்படலாம் என்று திருத்தம் கொண்டுவந்தது. அது நல்ல திருத்தம். தாயின் உயிர் விஷயத்தில் மருத்துவர்களின் பயம் அதனால் கொஞ்சம் குறையும். உங்களுக்குப் போன முறை நேர்ந்தது போன்ற நிலைக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஃபெடரல் சட்டம் ஒன்று வேண்டும் என்று காத்திருக்கும் நாம், ஏற்கெனவே இருக்கும் ஒன்றை மறந்துவிடுகிறோம். 1986இல் ரீகன் கையெழுத்திட்ட அவசர சிகிச்சைச் சட்டம் அது, எம்டாலா என்பார்கள். முதியோருக்கான ஃபெடரல் காப்பீடான மெடிகேரின் பணம் வாங்கும் எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு யார் வந்தாலும், விசா எதுவானாலும், காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பரிசோதித்து ஆபத்தில் இருந்து நிலைப்படுத்த வேண்டும். அந்த நிலைப்படுத்தலுக்குக் கருக்கலைப்பு தேவைப்பட்டால் மாநிலத் தடை குறுக்கே நிற்காது என்று பைடன் அரசு 2022 ஜூலையில் மருத்துவமனைகளுக்கு எழுதியது. டெக்ஸஸ் வழக்குப் போட்டது. அந்தச் சட்டத்தின் வாசகத்திலேயே "பிறக்காத குழந்தை" என்ற சொல்லும் வருகிறது என்பதை மாநிலம் சுட்டிக்காட்டியது. 2024 ஜனவரியில் டெக்ஸஸ் அடங்கிய வட்டாரத்துக்கான ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் (ஐந்தாவது சர்க்யூட்) டெக்ஸஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது, உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை. ஐடஹோ மாநிலத்தின் இதே மாதிரியான வழக்கை விசாரித்தும், 2024 ஜூனில் முடிவு சொல்லாமல் திருப்பி அனுப்பியது. 2025 ஜூனில் டிரம்ப் அரசு பைடன் காலக் கடிதத்தை விலக்கிக்கொண்டது. கடிதம்தான் போயிற்று, சட்டம் அப்படியே இருக்கிறது. கர்ப்பக் காலத்தில் ரத்தப்போக்கு, காய்ச்சல், பனிக்குடம் உடைதல் என்று எது நடந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போக உங்களுக்கு உரிமை உண்டு. கருப்பைக்கு வெளியே தங்கும் கர்ப்பத்துக்கும் தானாக நேரும் கருச்சிதைவுக்கும் செய்யும் சிகிச்சையை டெக்ஸஸ் சட்டமே கருக்கலைப்பு என்று கருதுவதில்லை. இதைக் கணவருக்கும் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் பேச வேண்டியவர் அவராக இருக்கலாம்.

நான் இந்தச் சட்டத்தை இவ்வளவு விரிப்பதற்குக் காரணம் உண்டு. சமரசத்துக்கு எங்காவது இடம் இருக்கிறது என்றால் அது இங்கேதான். அவசர நிலையில் தாய்க்குச் செய்ய வேண்டிய சிகிச்சையில் கருக்கலைப்பும் அடங்கும் என்று இந்த 1986 சட்டத்தில் இரண்டு வரி சேர்த்தால், ஃபெடரல் அதிகாரம் பற்றிய சண்டை பாதி குறையும். ஏனென்றால் மெடிகேர் பணம் கொடுக்கும்போது நிபந்தனை வைக்கும் உரிமை காங்கிரஸுக்கு உண்டு என்பது பழைய, உறுதியான கோட்பாடு.

ஆனால் இன்றைய நிலையில் அதற்கும் வழி தெரியவில்லை. 2025 ஜனவரி முதல் இரு அவைகளும் வெள்ளை மாளிகையும் குடியரசுக் கட்சியிடம். அடுத்த தேர்தலில் அவைகள் கைமாறினாலும் செனட்டில் அறுபது வேண்டும், ஜனாதிபதி மறுத்தால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதையும் தாண்டி நிறைவேறினால் மறுநாளே வழக்கு வரும், டாப்ஸ் தீர்ப்பு எழுதிய அதே நீதிமன்றத்தில்தான் முடியும். மாநிலத்துக்குள் வாக்கெடுப்பு நடத்தி மாற்றலாமே என்றால், மிச்சிகன் 2022இலும் ஒஹாயோ 2023இலும் மிசௌரி 2024இலும் அப்படிச் செய்ததைப் போல டெக்ஸஸ் வாக்காளர்கள் செய்ய முடியாது. மக்கள் கையெழுத்து திரட்டி ஒரு கேள்வியை மாநில வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் வழி அந்த மாநிலத்தில் இல்லை.

ஆகவே மாநிலம் மாறுவது பற்றிப் பேசுவோம். கணவரின் வேலைக்கு ஏற்ற ஊர்களில் நியூ ஜெர்சி, இல்லினாய், கலிஃபோர்னியா மூன்றிலும் உங்கள் போன முறைக் கவலை எழாது. சார்லட், ராலி பக்கம் வேலை வந்தால்: வட கரோலினாவில் 12 வார வரம்பு, ஆனால் குழந்தை பிழைக்க முடியாத குறை என்றால் 24 வாரம் வரை, 72 மணி நேரக் காத்திருப்போடு. அட்லாண்டாவுக்குப் போவதானால், ஜார்ஜியாவில் ஏறக்குறைய ஆறு வாரத் தடை, பிழைக்கவே முடியாத நிலைக்கு விலக்கு உண்டு. மாறுவது என்று முடிவெடுத்தால் அவசரப்பட்டு வீடு பார்க்காதீர்கள். ஹெச்-1பியில் வேலை இடம் வேறு பெருநகரப் பகுதிக்கு மாறினால், மாறும் முன்பே நிறுவனம் திருத்த மனு தாக்கல் செய்ய வேண்டும். கிரீன் கார்டுக்கான 'பெர்ம்' விண்ணப்பமும் இடத்தோடு பிணைந்தது. அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு நிறுவன வழக்கறிஞரிடம் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

டெக்ஸஸிலேயே இருப்பதும் தவறான முடிவு அல்ல. ஆனால் கர்ப்பமாகும் முன்பே சில வேலைகளை முடித்து வைக்க வேண்டும். இரண்டு சிறுநீரகமும் இல்லாமல் போவதை, பத்தாவது வாரத்தில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை காட்டாது என்பதை உங்கள் டாக்டர் சொல்லியிருப்பார். அதனால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். உங்கள் இருவருக்கும் சிறுநீரக ஸ்கேன் தேவையா, அடுத்த கர்ப்பத்தில் விரிவான ஸ்கேனை எத்தனை வாரம் முன்கூட்டி எடுக்கலாம் என்று கர்ப்பகாலச் சிக்கல்களைப் பார்க்கும் சிறப்பு மருத்துவரிடம் கேளுங்கள். ஒவ்வொரு வாரம் முன்னால் தெரிந்தாலும் அது உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். அடுத்து காப்பீடு. மாநிலம் ஒழுங்குபடுத்தும் காப்பீட்டுத் திட்டங்களில் டெக்ஸஸ் சட்டம் கருக்கலைப்புச் செலவைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் தாங்களே பணம் போட்டு நடத்தும் திட்டங்கள் ஃபெடரல் சட்டத்தின் கீழ் வருபவை, அவற்றில் சில வெளிமாநிலப் பயணச் செலவையும் தருகின்றன. கன்சல்டன்சி வழியாக வேலை என்றால் இது கிடைப்பது அரிது. திட்டத்தின் முழுப் பத்திரத்தை மனிதவளத் துறையிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். போன முறை ஆல்புகர்க்கியில் செலவழித்த பணத்துக்கும் உரிமை கோர முடியுமா என்பதும் அதில்தான் தெரியும், அதற்குக் கெடு உண்டு.

கருக்கலைப்பு மாத்திரை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கும் வாசகிகள் இருப்பார்கள். மிஃபெப்ரிஸ்டோன் என்ற அந்த மாத்திரையை 2000இல் அங்கீகரித்தது ஃபெடரல் மருந்து அமைப்பு, டெக்ஸஸ் போன்ற மாநிலங்கள் அதைத் தடுக்கின்றன. 2025 டிசம்பர் முதல் டெக்ஸஸுக்குள் அதை அனுப்புபவர் மீது யாரும் குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு வழக்குப் போடலாம். அதை வாங்கி உட்கொள்ளும் பெண் மீது அந்தச் சட்டத்தில் வழக்கு இல்லை.

மாமியார் சொல்வதில் பாசம் இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் 20 வாரம் வரை ஒரு மருத்துவர், குறிப்பிட்ட சில நிலைகளில் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர், கடும் கருக்குறை என்றால் அதன் பிறகும் மருத்துவக் குழுவின் அனுமதியோடு வழி உண்டு. ஆனால் சிக்கலான கர்ப்பத்தோடு ஒரு நாள் விமானப் பயணம், திரும்பி வர விசா முத்திரை, கணவர் இங்கே நீங்கள் அங்கே என்பதையெல்லாம் எண்ணிப் பாருங்கள். ஆல்புகர்க்கி உங்களுக்கு இரண்டு மணி நேர விமானப் பயணம். அங்கே வார வரம்பும் இல்லை.

கணவர் இதில் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிப்பதாக உங்கள் கடிதத்தில் தெரிகிறது. விசாவில் இருக்கும்வரை அவர் எந்தத் தேர்தல் நிதிக்கும் பணம் கொடுக்கக்கூடாது. வெளிநாட்டவர் கொடுப்பது ஃபெடரல் குற்றம், கிரீன் கார்டு வந்த பிறகே அந்தத் தடை நீங்கும். கடிதம் எழுதத் தடை இல்லை. வாக்குரிமை இல்லாதவரும் தன் தொகுதிப் பிரதிநிதிக்கும் இரு செனட்டர்களுக்கும் எழுதலாம். அவசர சிகிச்சைச் சட்டத்தைத் தெளிவாக்குங்கள், பிழைக்காத குழந்தை என்ற நிலைக்கு ஒரு விதிவிலக்கு எழுதுங்கள் என்று உங்களுக்கு நடந்ததைச் சொல்லிக் கேட்கலாம். மாநில சட்டசபை உறுப்பினருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், 2025 திருத்தம் அங்கிருந்துதான் வந்தது. மருத்துவமனையின் பெயரையும் டாக்டரின் பெயரையும் எழுத வேண்டாம். உங்கள் மருத்துவக் காகிதங்களை இணைக்க வேண்டாம், கேட்டாலும் என்னிடமோ வேறொரு வழக்கறிஞரிடமோ காட்டாமல் கொடுக்க வேண்டாம்.